காணாமல் போகாதவன்

தாஹிராவின் கணவன் அபுசாலி கப்பலோடு காணாமல் போய் ஐந்து வருடமாயிற்று. நான்கு வருடம் காத்திருந்த மனைவி மணவிடுதலை கேட்கலாம் என்பது இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான மாலிக்கி மத்ஹபின் சட்டம். பினாங்கில் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு அவள் நடத்தும் பாடமே அதுதான்.

“தினமும் உங்களோட பேசுறவரை எப்படிம்மா காணோம்னு சொல்றது?” என்றார் அவள் மனுவை விசாரித்த ஷரியா நீதிபதி காஜியார்.

“அது அவங்க குரல்ல பேசுற கருவிங்க. துக்கம் தாங்காம, அவங்க பழைய பேச்சுப் பதிவுகளைக் கொடுத்து நான்தான் செஞ்சு வெச்சேன்.”

காஜியார் கருவியிடமே கேட்டார். “இவங்களை விடுவிக்கச் சம்மதமா?”

“தாஹிராவையா? அவ இல்லாம எனக்கு ஏதுங்க வாழ்க்கை?”

மனு தள்ளுபடியானது. படியிறங்கும்போது கைப்பைக்குள்ளிருந்து, “வீட்டுக்குப் போவோமா புள்ள?” என்று கனிவாகக் கேட்டது குரல்.

அசல் அபுசாலி கோபம் வந்தால், “தலாக் சொல்லிடுவேன்டி” என்று கத்துவான். அந்தப் பதிவுகளை மட்டும் கருவிக்குக் கொடுக்காமல் அழித்தவள் அவள்தான்.