கால் கிண்ணம் தேநீர்

வாசலில் இரண்டு ஜோடி பூட்ஸ். ஒன்று கிழக்கே பார்த்துக் கிடந்தது, மற்றது மேற்கே.

கழற்றிப் போட்டவர்கள் உள்ளே ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். நான்கு மாதத்தில் இதுதான் முதல் முறை.

ஜெர்மன் வம்சத்து சபை மூப்பர் கோர்னே பென்னரின் மடியில் துணி சுற்றிய தட்டு. அதில் திருவிருந்து அப்பம். எதிரே உதவி மூப்பர் ஒராஸ்பெக். அவர் மடியில் திராட்சரசப் பாத்திரம்.

தட்டும் பாத்திரமும் ஒரே சபையின் சொத்து.

ஆராதனையில் ரஷ்ய மொழியில் பாடுவதா, கசாக் மொழியில் பாடுவதா என்று இலையுதிர் காலத்தில் ஆரம்பித்த தகராறு. ஒராஸ்பெக் பதினெட்டுப் பேரோடு வெளியேறினார். அன்று பாத்திரம் அவர் வீட்டில் இருந்தது, தட்டு பென்னர் வீட்டில். அதிலிருந்து இந்தப் பக்கம் டீக்கோப்பையில் திராட்சரசம். அந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டில் அப்பம்.

எந்தப் பக்கமும் சாயாதவர் தெமிர்கான் ஒருவர்தான். ஜெபக்கூடத்துக்குச் செங்கல் செங்கலாகக் கணப்படுப்பு கட்டிக் கொடுத்தவர். சுரங்கத் தூசி தின்றது போக மிச்சமிருந்த நுரையீரலோடு, மூன்று வாரமாக அடுத்த அறையில் கிடந்தார்.

பென்னர் தனியாக அப்பம் கொண்டுவந்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை. ஒராஸ்பெக் தனியாகப் பாத்திரத்தோடு வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் சமாதானமாகி ஒண்ணா வாங்க. இல்லேன்னா எனக்கு வேண்டாம்."

இன்று காலை அவர் மனைவி அக்லிமா இருவருக்கும் போன் செய்தாள். சேர்ந்து வாங்க, இன்னிக்கே வாங்க என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

"பார்க்கலாமா?" என்று பென்னர் எழுந்தார்.

மூடிய கதவுக்கு முன்னால் அக்லிமா நின்றாள். "அவருக்கு அவசரமில்லே அண்ணே. அவர் சொன்னதை முதல்ல முடிங்க."

கிண்ணங்களில் பால் விட்டுத் தேநீர் ஊற்றினாள். கால் கிண்ணம்தான்.

இந்தக் கசாக் ஊரில் கால் கிண்ணம் ஊற்றினால், இன்னும் இருங்கள் என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றிவிட்டால் எழுந்து பூட்ஸைத் தேட வேண்டியதுதான். அறுபது வருடமாக இதைக் குடித்துப் பழகிய பென்னர் மறுபடி உட்கார்ந்தார்.

கால்விரல்கள் விறைத்தன. இந்த அறையில் அடுப்பு கணகணவென்று எரிகிறது. அந்தக் கதவுக்கு அடியிலிருந்து மட்டும் பனிக்காற்று.

"நோயாளி அறையிலயா நிலக்கரியை மிச்சம் பிடிக்கிறே, தங்கச்சி?"

அவள் கெட்டிலை எடுத்தாள். மறுபடி ஊற்றினாள். கால் கிண்ணம்.

ஒராஸ்பெக்தான் முதலில் ஆரம்பித்தார். "எங்க பாட்டு உங்க காதுல முள்ளாக் குத்துதாமே?"

"நான் அப்படிச் சொல்லலே."

"உங்க சம்சாரம் சொன்னாங்க."

"அவ என் பாட்டையே அப்படித்தான்யா சொல்றா. நாப்பது வருஷமா."

ஒராஸ்பெக்கின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"பாட்டுன்னா தெமிர்கான் பாட்டுதான்" என்றார். "உங்க ஆளுங்களோட ஜெர்மன் பாட்டை ஒரு வார்த்தை புரியாம கடைசி வரி வரைக்கும் கத்துவாரே!"

பென்னரும் சிரித்தார். அக்லிமா சிரிக்கவில்லை. தேநீர்க் கெட்டிலின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கால் கிண்ணம். நான்காவது.

பென்னர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"பதினெட்டுப் பேர் எழுந்து போனப்போ நான் வாசல்ல போய் நின்னு மறிச்சிருக்கணும். போனாப் போகட்டும்னு உக்காந்திருந்துட்டேன். மன்னிச்சிருங்க, பிரதர்."

 ஒராஸ்பெக் மடியிலிருந்த பாத்திரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றோம். எல்லாருமா. ஆனா கசாக்குலதான் பாடுவோம்."

"பாடுங்க. நானும் புரியாமக் கத்தறேன்."

பென்னர் துணியைப் பிரித்துத் தட்டைப் பாத்திரத்தின் அருகில் வைத்தார். இருவரும் எழுந்து, சபை வழக்கப்படி சமாதான முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். ஒராஸ்பெக்கின் கன்னம் ஈரமாக இருந்தது.

"உள்ளே அவருக்குக் கேட்டிருக்கும்" என்றார் பென்னர், குஷியாக.

அக்லிமா கெட்டிலைச் சாய்த்தாள். இந்த முறை நிறுத்தவில்லை. பென்னரின் கிண்ணம் விளிம்பு வரை நிரம்பி, மேஜைத்துணியில் வழிந்தது. அடுத்து ஒராஸ்பெக்கின் கிண்ணம். அதுவும் வழிந்தது.

நோயாளியை இன்னும் பார்க்கவே இல்லை, அதற்குள் விடை கொடுத்தாகிவிட்டது. ஒராஸ்பெக்கின் முகம் வெளுத்தது.

அவள் கதவைத் திறந்தாள்.

சுவர்க் கண்ணாடியை வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. உள்சட்டத்தில் விரற்கடை உயரத்துக்குப் பனி. கட்டிலில் தெமிர்கான், தாடை கட்டப்பட்டு, நேராகப் படுத்திருந்தார்.

"எப்போ?" என்றார் பென்னர்.

"விடியறதுக்கு முன்னாடி."

இந்த ஊரில் புருஷன் மூச்சு நின்ற கணமே மனைவி ஒப்பாரி வைக்க வேண்டும். தெருவே கேட்க வேண்டும். இப்போது பிற்பகல் மணி மூன்று.

"கத்தியிருந்தா நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா வந்திருப்பீங்க. தனித்தனியா ஜெபம் பண்ணிட்டுப் போயிருப்பீங்க."

மேஜையில் அப்பமும் திராட்சரசமும் தொடப்படாமல் இருந்தன.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். உதடு கோணியது.

"இப்ப நான் அழலாமா, அண்ணே?"