வேன் சாவி

மேசை மேலிருந்த சாவியை எடுத்துத் தன் வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டாள் நர்ஸ்.

எதிரே நின்றவருக்கு அது உடனே உறைக்கவில்லை. ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்தியபடி மேசையைப் பார்த்தார். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். பிறகுதான் அவளைப் பார்த்தார்.

சேசுராஜ். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சுகாதார நிலைய வாசலில், வேப்பமர நிழலில் அந்த மஞ்சள் வேன் நிற்கிறது. நாலு மணிக்குப் பள்ளி விடும். பதினாலு பிள்ளைகள். போகிற வழியில் கைப்பிடிச் சுவர் இடிந்த வாய்க்கால் பாலம் ஒன்று.

மணி மூன்று இருபது.

தும்மலும் அரிப்புமாக வந்தவர். மாத்திரை எழுதப்போன டாக்டரிடம் ஊசிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஊசி போடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வந்ததாகவே சேர்த்தியில்லை, இந்த ஊருக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டு மீட்டிங்குக்குக் கிளம்பிப் போனார்.

அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். இது தூக்கம் தரும் ஊசி, வேனை யார் எடுப்பது? மாற்று டிரைவர் வருகிறார் என்றார். இன்று மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா? இல்லை.

ஊசி போட்டாள்.

அவர் மூக்கைச் சிந்தக் கைக்குட்டையை உருவியபோது, கூடவே மாத்திரை அட்டை ஒன்று கீழே விழுந்தது. இரண்டு குழி காலி.

எடுத்துப் படித்தாள். அட்டையில் இருந்ததும் அவள் இப்போது ஏற்றியதும் ஒரே வகை. ஒன்றே ஆளைத் தூக்கத்தில் தள்ளும்.

"இது மாத்திரைல்லா சிஸ்டர். தடுமனுக்குக் கடையில வாங்குனது. காலைல ஒண்ணு, சாப்பிட்டுட்டு ஒண்ணு. மருந்துன்னா நீங்க குடுக்கதுதான?"

அவருடைய முகத்தில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடமாக இந்தக் கேள்வியை இப்படியே கேட்டுத் தொலைத்திருக்கிறாள். எத்தனை பேர் இல்லை என்றார்களோ.

மாற்று டிரைவர் எங்கே என்றாள்.

அவர் வாசலைப் பார்த்தார். அப்படி ஒருவர் கிடையாது.

சாவி பைக்குள் போனது அப்போதுதான்.

முதலில் சிரித்தார். பிறகு கெஞ்சினார். முப்பது வருட சர்வீஸ், ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஏற்றியதில்லை என்றார். தரையில் இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின் மேல் கடைசிவரை நடந்து, திரும்பி வந்து காட்டினார். நேராகத்தான் நடந்தார். பெஞ்சில் இருந்த பெண்கள் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பாவம், வயசு மனுசன், குடுத்து விடுங்க சிஸ்டர் என்றார்கள்.

அவள் அசையவில்லை.

பிள்ளைகள் வெயிலில் ரோட்டோரம் நிற்குமே என்றார் அவர்.

அது மட்டும் தைத்தது.

"பத்து நிமிஷம் இந்த பெஞ்சில உக்காருங்க அண்ணாச்சி. அப்பவும் முழிச்சிருந்தா பேசுவோம்."

அவர் ரோஷமாக உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தை முறைத்தார்.

அவள் போனை எடுத்தாள். டாக்டர் எடுத்ததும் நடந்ததைச் சொன்னாள். ஆளைப் படுக்க வை, மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இரு, பேச்சுக் குழறினால் உடனே கூப்பிடு என்றார். பிறகு தலைமை ஆசிரியை. கடைசி நேரத்தில் சொன்னால் எப்படி என்று எரிந்து விழுந்தார். விழட்டும். பிள்ளைகளைக் கேட்டுக்கு வெளியே விடாதீர்கள், வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்லுங்கள் என்று இரண்டு முறை சொன்னாள். அடுத்த நிமிடம் வேன் முதலாளி கூப்பிட்டார். சாவியைப் பிடுங்க நீ யார், உன்னைத் தூக்கி எங்கே போடுகிறேன் பார் என்றார். அவள் தன் பெயரையும் இனிஷியலையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

பயமில்லாமல் இல்லை.

திரும்பிப் பார்த்தாள்.

எட்டாவது நிமிடம். கட்டிய கை கட்டியபடியே இருந்தது. மோவாய் நெஞ்சில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அதுவரை அவருக்காக வாதாடிய பெண்தான் முதலில் எழுந்து, அவர் தலையைத் தாங்கிக் கட்டிலுக்கு நகர்த்த உதவினாள்.

நாலு மணி அடித்தது. வேன் வேப்பமரத்தடியிலேயே நின்றது.

கால் மணிக்கு ஒருதரம் நாடி பார்த்தாள். மூச்சை எண்ணினாள். எழுப்பிப் பேர் கேட்டாள், சொன்னார், மறுபடி தூங்கினார். நடுவில் இரண்டு குழந்தைகளுக்குத் தடுப்பூசி. இருமலோடு ஒரு கிழவர் வந்தார். மருந்து சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்கவில்லை. கடையில் வாங்கி, வீட்டில் இருந்து, பக்கத்து வீட்டில் கேட்டு, எதையாவது வாயில் போட்டீர்களா என்று கேட்டாள். கிழவர் யோசித்தார். இடுப்பு மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

விளக்குப் போடும் நேரத்தில் சேசுராஜ் கண் விழித்தார்.

கடிகாரத்தைப் பார்த்தார். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. எழுந்து உட்கார்ந்து பிள்ளைகள் என்றார்.

எல்லாரும் வீட்டில் என்றாள்.

தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். அவள் கோட்டுப் பையைப் பார்த்தார். அவளும் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள். வண்டியை எடுப்பது காலையில்தான் என்றாள்.

அவர் கை நீட்டவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தார்.

"சிஸ்டர்," என்றார். "காலைல பிள்ளைகளை வச்சுப் பாலத்தைத் தாண்டுனது எனக்கு ஞாபகமே இல்ல."