தயவுசெய்து தெரிவிக்கவும்

"சொல்ல முடியாது மேடம். தொழில் ரகசியம்."

மருந்துத் தொழிற்சாலையின் மேலாளர் கொண்டல ராவ் சொல்லிவிட்டுத் தன் அறை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் கம்பெனி வக்கீல் சர்மா திருப்தியாகப் பெசரட்டுத் தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மண்டல அதிகாரி ஹைமவதி, தன் முன்னால் வைத்த தட்டைத் தொடவில்லை.

"உங்க கழிவுல என்ன இருக்குன்னுதான் கேக்குறேன். பக்கத்துல பெத்தரேவு ஊர்க் கிணத்துத் தண்ணியெல்லாம் மஞ்சளாயிடுச்சு. புள்ளைங்களுக்கு உடம்பு பூரா கொப்புளம். எது கலந்துச்சுன்னு தெரியாம எதுக்கு வைத்தியம் பாக்குறதுன்னு டாக்டர் கேக்குறார்."

"பாவம்தான்."

"மூணு கடிதம் போட்டோமே சார்."

"படிச்சேனே. 'தயவுசெய்து தெரிவிக்கவும்.' கல்யாணத்துக்குக் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. இஷ்டமில்லாதவன் போகாம இருந்துடலாம்."

வக்கீல் குலுங்கிச் சிரித்தார்.

"மனுஷனா யோசிங்க சார்."

"அப்படி யோசிச்சு உங்க ஆளுங்ககிட்ட வாயத் தொறந்த எங்க கெமிஸ்ட், இப்போ அனகாபல்லியில ஆட்டோ ஓட்டுறான். ரகசியத்த வெளிய விட்டான்னு கேஸ் வேற. உங்க வாரியத்துக்கு அதிகாரம்னு ஏதாவது இருக்கா, இல்ல வெறும் கெஞ்சல்தானா?"

ஹைமவதிக்குக் காது சுட்டது. வாரியத்தின் தாளை எடுத்தாள். பழக்கதோஷத்தில் 'தயவுசெய்து' என்று ஓடிய பேனாவை நிறுத்தி, அந்தச் சொல்லை அழுத்தி அடித்தாள். நீர்ச் சட்டம், இருபதாம் பிரிவு. கொண்டல ராவ் என்று பெயரைப் போட்டே, உடனே தகவல் தர உத்தரவிட்டாள். முத்திரையைக் குத்தி நீட்டினாள்.

"இதுக்கும் முடியாதுன்னா கோர்ட்டுல வந்து சொல்லுங்க."

சர்மாவின் கை பாதி வழியில் நின்றது. "ராவ்காரு, அத வாங்காதீங்க. மேலிடத்துல கேட்டுட்டு..."

அதற்குள் ராவ் வாங்கிக் கையெழுத்தே போட்டிருந்தார். பிறகு எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் ரசாயனங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். எது எந்தக் குழாய் வழியாகப் போகிறது என்பது வரை. ஹைமவதியின் பேனா அவர் வேகத்துக்குத் திணறியது.

"என்னய்யா பண்றீங்க? ரகசியம் காப்பேன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுத்தது மறந்துபோச்சா?" வக்கீல் எழுந்தே விட்டார்.

"கெமிஸ்ட் கேஸுல நீங்க என்ன வாதாடினீங்க சார்? 'உத்தரவு இல்லாம சொன்னான், அதான் குத்தம்'னுதானே? எனக்கு உத்தரவு வந்தாச்சு."

ராவ் ஹைமவதியின் பக்கம் திரும்பினார். குரல் தழைந்திருந்தது.

"முதல் கடிதத்துலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேம்மா, நீங்க எப்போ அதட்டுவீங்கன்னு."