மேசைக்கடியில் வெள்ளைச் சட்டை

இஸ்திரிக்காரர் பெட்டியைப் பஞ்சின்மேல் வைப்பதுபோலச் சத்தமில்லாமல் வைக்கிறார். மதிய வெயில் நீராவிக்குள் புகுந்து பாலாய் மிதக்கிறது. மேசைக்கடியில், விடியவிடியக் குட்டி போட்ட தெருநாய், அவர் வைத்த பாலை நக்கி முடித்து இப்போதுதான் கண்ணயர்கிறது. வயிற்றோடு ஒட்டிய குட்டிகள் தூக்கத்திலும் சப்புக்கொட்டுகின்றன. அவற்றுக்கு அடியில், கொடியிலிருந்து தாயே இழுத்துப் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டை.

சட்டைக்குச் சொந்தக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். "ரெடியாண்ணே? இன்னும் அரைமணி நேரத்துல இன்டர்வியூ."

"கொஞ்சம் ஈரமா இருக்கு சார்..." இஸ்திரிக்காரர் மழுப்புகிறார். ஆனால் பார்வை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வந்தவர் குனிகிறார். ஒரு குட்டி அந்த வெள்ளைச் சட்டையின் பைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்குகிறது. தாய் ஒரு கண்ணைத் திறந்து அவரையே பார்க்கிறது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல நிமிர்கிறார்.

"அண்ணே," என்கிறார் கிசுகிசுப்பாய், "நீங்க போட்டிருக்கிறது எனக்குப் பத்துமா?"