லேமினேஷன் போட்ட பாலிசி

ஃபேக்ஸ் மெஷின் கீச்சென்று கத்தியதும் ஜெபசிங் துள்ளி எழுந்தான்.

"ஜெனி, வருதுமே! வந்துகினே கீது பாரு!"

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கிற வேதாந்தத்தின் எஸ்.டி.டி. பூத்தில், அவனும் மனைவி ஜெனிட்டாவும் கடை திறந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஈ.சி.ஆரில் ஒரு புது ரிசார்ட். மூன்று மாடிக்கும் வெளிச்சுவர் பெயின்டிங். இத்தனை வருஷமும் வீடுகளுக்கு வெள்ளையடித்துக் கொண்டிருந்தவனுக்கு முதல் பெரிய கான்ட்ராக்ட்.

வேலையாட்களுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்த பேப்பரைக் காட்டினால்தான் கேட்டுக்குள் விடுவார்களாம். இன்று மத்தியானத்துக்குள் காட்டாவிட்டால் வேலை மெட்ராஸ் பார்ட்டிக்குப் போய்விடும்.

செங்கல்பட்டு ஏஜென்ட் வரதன் பாலிசி போட்டு ஃபேக்ஸில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். நேற்று ஜெனிட்டாதான் போய் அவரிடம் பேசிவிட்டு வந்தாள். ஜெபசிங் சாரம் கட்ட மூங்கில் பார்க்கப் போயிருந்தான்.

தாள் முழுசாக வெளியே வந்தது. எல்லாம் இங்கிலீஷ். அவனுக்குப் படிக்க வராது. கீழே சீல் இருந்தது, அது போதும். தாளுக்கு ஒரு முத்தம் கொடுத்தான்.

ஜெபசிங்குக்கு ஒரு பழக்கம். முக்கியமான எந்தத் தாளும் அவன் வீட்டில் வெறுமனே கிடக்கக் கூடாது. ஞானஸ்நான சர்டிபிகேட், பிள்ளையின் மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை, எல்லாமே லேமினேஷன்தான். 'ஜெபா பெயின்டிங் ஒர்க்ஸ், உரிமையாளர் ஜெபசிங்' என்று அடித்த விசிட்டிங் கார்டில்கூட ஒன்றை லேமினேஷன் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான்.

கடை மூலையில் லேமினேஷன் மெஷின் சூடாகவே இருந்தது. வேதாந்தம் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். ஜெனிட்டா பர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனே தாளை பிளாஸ்டிக்குக்குள் வைத்து அவனே மெஷினில் தள்ளினான்.

அந்தப் பக்கம் வந்தபோது அது தோசைக்கல் மாதிரி இருந்தது. ஒரு எழுத்து கிடையாது. மொத்தமும் கறுப்பு.

"அய்யய்யோ, அது சூடு பட்டா கறுக்கிற பேப்பர்! என்னை ஒரு வார்த்தை கேக்கப்படாதா?" என்றார் வேதாந்தம்.

ஜெபசிங்கின் முகமும் கிட்டத்தட்ட அந்த நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஏன்யா, என்னையும் அதுக்குள்ள வுட்டு எடுத்துடேன். பத்தரமா இருப்பேன்ல?" என்றாள் ஜெனிட்டா.

அவள் வரதனுக்கு போன் போட்டாள். பூத்தின் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று ரொம்ப நேரம் மெதுவாகப் பேசினாள். தன்னால் அவள் ஏஜென்டிடம் கெஞ்ச வேண்டியதாகிவிட்டதே என்று ஜெபசிங் வெளியே நின்று நகத்தைக் கடித்தான்.

மெஷின் மறுபடி கத்தியது.

அவன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையிலேயே ஒரு அடி வைத்தாள். தாளை மடித்துப் பர்ஸுக்குள் வைத்து, பர்ஸை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒரு தபா பாத்துட்டு தரேன்மே."

"கண்ணாலகூடப் பாக்காத. நீ பாத்தாலே கறுத்துடும்."

டி.வி.எஸ்ஸை அவன் விரட்டினான். கடல்காற்று சட்டையை ஊதிப் பெரிதாக்கியது. பின்னால் திரும்பித் திரும்பிக் கத்திக்கொண்டே வந்தான்.

"மேல் சாரத்துக்கு நாந்தான் ஏறுவேன் ஜெனி! பசங்கள வுடமாட்டேன். மூணாவது மாடில காத்து ஆளையே தூக்கும்!"

 அவள் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரிசார்ட் கேட்டுக்கு வெளியே, சவுக்கு நிழலில் ஆட்கள் வாளியும் பிரஷ்ஷுமாகக் காத்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் எழுந்தார்கள். ஜெனிட்டா தாளை வாட்ச்மேன் செல்வராஜிடம் கொடுத்தாள். அவர் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

 ஜெபசிங் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

செல்வராஜ் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "மேனேஜர் ஓகே சொல்லிட்டாரு. மெட்ராஸ்காரன வரவேணாம்னு போன் போட்டுகினு கீறாரு."

ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் வாளியைத் தட்டினான். ஜெபசிங் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டிலேயே ஆடினான்.

செல்வராஜ் கேட் நோட்டை நீட்டினார். "கான்ட்ராக்டர் ஒரு கையெழுத்து போட்டுட்டு உள்ள வாங்க."

ஜெபசிங் தலையை வாரிக்கொண்டான். பேனாவை எடுத்தான்.

ஜெனிட்டா அதைப் பிடுங்கித் தன் பெயரை எழுதினாள்.

"இன்னாமே பண்ற?"

"மொதலாளி மேலேந்து வுயுந்தா ஒண்ணும் தரமாட்டாங்களாம்யா. கூலியாளு வுயுந்தா தான் உண்டாம். நேத்து வரதன் சார் சொன்னாரு. மேல தொங்கப்போறவன் நீ. அதான் அங்கயே கம்பெனிய என் பேருக்கு மாத்திட்டேன். மேனேஜருக்கும் தெரியும்."

ஆட்கள் விசிலை நிறுத்திவிட்டார்கள்.

ஜெபசிங்கின் கை சட்டைப்பையில் இருந்த கார்டைத் தொட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"அப்போ அந்தப் பேப்பர்ல என் பேரு கீதா?"

"கூலியாளுங்கள்ல மொதோ பேரே உன்னுதுதான்."

அவள் குரல் உடைந்துபோனது. சட்டென்று சரி செய்துகொண்டாள்.

"இன்னா பாத்துகினு நிக்கிற? போய் வேலையப் பாரு. லேட்டா ஏறுனா கூலில புடிப்பேன்."

செல்வராஜ் கேட்டைத் திறந்து ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே விட ஆரம்பித்தார்.

ஜெபசிங் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றான்.