சரிபாதி

பார்ட்டிஷனா, சப்வால்யூமா?

புது டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது என்று கேட்டுவிட்டுக் கணினி காத்திருந்தது. அவள் சுட்டியில் கை வைத்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

பாலிடெக்னிக் ஆய்வகமாக இருந்தால் யோசித்தே இருக்க மாட்டாள். பன்னிரண்டு வருஷமாக அங்கே அவள்தான் டெக்னீஷியன். எந்த மெஷின் வந்தாலும் பார்ட்டிஷன்தான். சிஸ்டத்துக்கு இவ்வளவு, மாணவர்களுக்கு இவ்வளவு என்று அளந்து நடுவே சுவர் வைத்துவிடுவாள். பிள்ளைகள் சினிமாவாக இறக்கி நிரப்பினாலும் அது அவர்கள் பக்கத்தோடு நிற்கும்.

இது வீடு. புது டிஸ்க், ஒரு டெராபைட்.

ஆள் இரண்டே பேர். அவளும், அவள் புருஷன் யூஜினும்.

யூஜினுக்குக் கப்பலில் வேலை. ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் சேர்ந்து இருந்ததைக் கூட்டினால் ஒன்றரை வருஷம் தேறாது. போன தடவை கிளம்பும்போது அவனே சொன்னான், இதோடு கப்பலுக்கு ஒரு கும்பிடு என்று. தூத்துக்குடியிலேயே ஒரு வேலை பேசி வைத்திருப்பதாகவும் சொன்னான். அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த டிஸ்க்கையே வாங்கினாள்.

அதனால் சப்வால்யூம். அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பெயர்தான் தனித்தனி, இடம் முழுக்கப் பொது. யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை. ஒரே சட்டிச் சோறு மாதிரி. புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன அளவு வேண்டிக்கிடக்கிறது?

ஆனாலும் அவன் வாயால் கேட்க ஆசையாக இருந்தது. உங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று செய்தி அனுப்பினாள்.

கப்பல் ஏதோ கரையோரம் இருந்திருக்க வேண்டும். உடனே குரல் செய்தி வந்தது.

"எனக்கெதுக்குளா தனியா இடம்? உன்னோடதுலயே ஒரு நாப்பது ஜிபி போதும். வந்தா ரெண்டு மாசந்தான இருக்கப் போறேன்."

அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள்.

இரண்டு மாதம்.

மறுபடியும் கப்பல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். நேரே சொல்ல நாக்கு எழாமல் இப்படிச் சொல்கிறான்.

அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கணினி அதே கேள்வியோடு நின்றது.

இப்போதும் சப்வால்யூம்தான் புத்திசாலித்தனம். அவன் இல்லாத நாளெல்லாம் அத்தனை இடத்தையும் அவளே ஆளலாம்.

ஆனால் சுவர் இல்லாத இடம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். போன தடவை அவன் வந்தபோது பீரோவில் அவன் தட்டு முழுக்க அவள் சேலைகள். வேண்டுமென்று வைத்ததில்லை. ஒவ்வொன்றாகப் போய் ஏறியிருந்தன. கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதமும் பெட்டியிலிருந்தே சட்டை எடுத்துப் போட்டான். சொந்த வீட்டில் விருந்தாளி.

பார்ட்டிஷன் என்று தேர்ந்தாள்.

சரிபாதி. அவளே நினைத்தாலும் தன் சாமான்களை ஏற்ற முடியாத பாதி. காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும்.

எல்லாம் எழுதி முடிந்து, அவன் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்டது. ஒன்றும் போடாமல் விட்டுப் பார்த்தாள். ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் வரும் தேதியை வைக்கலாம் என்று எண்களுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

எந்தத் தேதி? விரல் அங்கேயே நின்றது.