நாலாவது கதவு

"மூணு கதவும் பூட்டுது. இவ பக்கம் மட்டும் பூட்ட மாட்டேங்குது. யாரோ வேலையைக் காட்டியிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஒர்க்‌ஷாப்பில் காரை நிறுத்திக் கணவர் மெக்கானிக்கிடம் சொன்னார். அவள் தலைகுனிந்து அவர் பின்னால் நின்றாள்.

மெக்கானிக் சிரித்தார். "கவலையை விடுங்க சார். இது பழைய வண்டி, இதுல பூட்டை இழுக்கிறதே காத்துதான். குழாய்ல எங்க ஓட்டை இருந்தாலும் என்கிட்ட தப்பாது."

தப்பாதாமே. இத்தனை ஒர்க்‌ஷாப் இருக்க, இந்தக் கெட்டிக்காரரிடமா வந்து மாட்ட வேண்டும்?

அவர் கைப்பம்பை ஒவ்வொரு கதவின் குழாயிலும் மாட்டிக் காற்றை உறிஞ்சினார். மூன்று கதவுக்கும் பம்பின் அளவுமுள் ஏறி அசையாமல் நின்றது. அவள் பக்கத்துக் கதவுக்குச் சர்ரென்று இறங்கியது.

"இதுக்குள்ளதான் லீக்கு."

நாலு நாள் முன்பு, கணவர் குளிக்கப் போன நேரத்தில், கதவின் உள்பலகையை நெம்பி, உள்ளே ஓடும் குழாயைத் தையல் கத்தரியால் வெட்டியவள் அவள்தான். தெரிந்தால் மனுஷன் தோலை உரித்துவிடுவார்.

கணவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

மெக்கானிக் உள்பலகையைத் தொட்டவர் நின்றார். "மேல இருக்கிற பூட்டுக் குமிழ் எங்க?"

"திருடன் கம்பி விட்டு இழுத்துடுவான்னு அவர்தான் கழட்டிட்டார்."

"இந்த ஒரு கதவுல மட்டுமா?"

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பலகையைக் கழற்றிக் குழாயை வெளியே இழுத்தார். கோடு போட்டாற்போல் நேர் வெட்டு. அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தாள்.

அவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"கண்டுபிடிச்சீங்களா? யாரு?" கணவர் வந்துவிட்டார்.

"எலி சார்."

மெக்கானிக் நீட்டிய குழாயின் முனை கண்டபடி குதறிக் கிடந்தது. மறு கையில் குறடு இருந்தது.

"உள்ளே பூட்டை இழுக்கிற ரப்பரும் போச்சு. இந்த மாடலுக்கு இப்ப சாமான் வர்றதில்ல. இந்தக் கதவுக்குப் போற குழாயை அடைச்சு விட்டுடறேன். மத்த மூணும் நல்லாப் பூட்டும்."

வேலை முடிந்தது. "சனியன் பிடிச்ச எலி" என்று முணுமுணுத்தபடி கணவர் ஸ்டியரிங் பக்கம் போனார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்த வந்த மெக்கானிக் குனிந்து மெல்லச் சொன்னார்.

"உள்பக்கம் நகக் கீறலைப் பார்த்தேன், தங்கச்சி. நான் இருக்கிற வரைக்கும் இந்தக் கதவு பூட்டாது."